வண்டி எவ்வளவு கொடுக்குது?

(சின்ன பெட்ரோல் கார் வைத்திருப்பவர்களின் கேள்விகள் மட்டும் இந்த வாரம். ஹைப்ரிட்காரர்களும் மின்சாரக் கார்காரர்களும் பக்கத்தைப் புரட்டிவிடலாம். அவர்கள் கவலை வேறு.)

கேள்வி: ஷோரூமில் லிட்டருக்கு 24 என்றார்கள். எனக்கு 15-ஐத் தாண்டவில்லை. ஏமாற்றிவிட்டார்களா? (தாம்பரம்)

பதில்: பொய் சொல்லவில்லை. எங்கே ஓட்டி எடுத்த 24 என்பதைச் சொல்லவில்லை, அவ்வளவுதான். அந்தக் கணக்கு ரோட்டில் எடுப்பதே இல்லை. புனேயில் உள்ள ஏ.ஆர்.ஏ.ஐ. போன்ற சோதனைக்கூடத்தில் காரை உருளைகள் மேல் ஏற்றி, நின்ற இடத்திலேயே சக்கரம் சுற்ற ஓட்டுகிறார்கள். மொத்தம் 20 நிமிடம், கணக்கில் 11 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. சராசரி வேகம் மணிக்கு 32 கி.மீ. சொச்சம், உச்சம் 90. ஏசி கிடையாது. குரோம்பேட்டை சிக்னல் கிடையாது, குறுக்கே வரும் ஷேர் ஆட்டோ கிடையாது, பின்சீட்டில் மாமியார் கிடையாது. செருப்பைக் கழற்றி, பர்ஸை எடுத்து வைத்துவிட்டு எடை மெஷினில் ஏறுகிற மாதிரி. இரண்டு கார்களை ஒப்பிட அந்த எண் உதவும், மாத பட்ஜெட்டுக்கு உதவாது. சென்னைக்குள் ஏசியோடு 15 கிடைக்கிறதென்றால் உங்கள் காரில் கோளாறு இல்லை. கோளாறு ஜி.எஸ்.டி. ரோட்டில்.

கேள்வி: மீட்டர் போர்டில் 19.2 என்று காட்டுகிறதே, அதை நம்பலாமா? (கோவை)

பதில்: அது கம்ப்யூட்டரின் மதிப்பீடு. பெரும்பாலும் கொஞ்சம் தாராள மனசோடுதான் காட்டும். உண்மை வேண்டுமென்றால் பழைய வழிதான். டேங்க்கை நிரப்பச் சொல்லுங்கள். பம்ப் முதல் தடவை ‘டக்’கென்று நின்றதும் போதும் என்றுவிடுங்கள். “ரவுண்டா போட்டுடட்டுங்களா மேடம்?” என்று கேட்பார்கள். வேண்டாம். ட்ரிப் மீட்டரைப் பூஜ்யமாக்குங்கள். முந்நூறு கிலோமீட்டர் வழக்கம்போல ஓட்டிவிட்டு அதே பங்க், அதே மெஷின், அதே முதல் ‘டக்’. ஓடிய கிலோமீட்டரைப் பில்லில் உள்ள லிட்டரால் வகுத்தால் விடை. ஒரு தடவை வந்த விடையைப் பெரிதாக எடுக்காதீர்கள். மூன்று நான்கு டேங்க் சராசரிதான் நிலைக்கும். ஐந்நூறு ரூபாய்க்கு, ஐந்நூறு ரூபாய்க்கு என்று போட்டுக்கொண்டே மைலேஜ் சொல்கிறவர்கள் பரப்புவது வதந்தி.

கேள்வி: விடியற்காலையில் பெட்ரோல் போட்டால் குளிர்ச்சியில் அடர்த்தியாக இருக்கும், அளவு கூடும் என்கிறார் நண்பர். (விருதுநகர்)

பதில்: பங்க்கின் டேங்க் பூமிக்கு அடியில் இருக்கிறது. அங்கே பகலுக்கும் இரவுக்கும் சூடு பெரிதாக மாறுவதில்லை. முழுசாகப் பத்து டிகிரி மாறினால்கூட பெட்ரோலின் அளவில் வித்தியாசம் ஒரு சதவிகிதத்தை ஒட்டித்தான். நண்பரைத் தூங்கவிடுங்கள்.

கேள்வி: நூறு யோசனை சொல்லாதீர்கள். ஒன்றே ஒன்று சொல்லுங்கள். எதைச் செய்தால் மைலேஜ் கூடும்? (திருநெல்வேலி)

பதில்: பிரேக்கை மிதிக்காதீர்கள்.

பயப்பட வேண்டாம், விளக்குகிறேன். ஆளோடு சேர்த்து ஒரு டன் எடையுள்ள கார் 60-ல் போகிறது. நின்ற இடத்திலிருந்து அந்த வேகத்துக்கு அதைக் கொண்டுவர இன்ஜின் எரித்தது தோராயமாக 20 மில்லி பெட்ரோல். லிட்டர் நூறு ரூபாய் என்று வைத்தால் இரண்டு ரூபாய். இப்போது பிரேக் போட்டு முழுசாக நிறுத்துகிறீர்கள். அந்த இரண்டு ரூபாய் எங்கே போனது? முன்சக்கர டிஸ்க்கில் சூடாகப் போய்விட்டது. தொட்டுப் பார்க்காதீர்கள், பொசுங்கும். ஹைப்ரிட் வண்டியில் பிரேக் போட்டால் அதில் ஒரு பங்கு பேட்டரிக்குத் திரும்பும். நம் வண்டியில் போனது போனதுதான். ஆகவே நமக்கு இருக்கிற ஒரே ஹைப்ரிட் கருவி கண்.

முன்னால் போகும் பஸ்ஸின் முதுகைப் பார்த்து ஓட்டாதீர்கள், பஸ்ஸுக்கும் அப்பால் பாருங்கள். இருநூறு மீட்டர் தள்ளி சிக்னல் சிவப்பு என்று தெரிந்த பிறகும் ஆக்ஸிலேட்டரை மிதித்துக்கொண்டு போய், கடைசியில் பிரேக்கில் ஏறி நிற்பவர்கள்தான் நம்மில் முக்கால்வாசி. தெரிந்த நொடியிலேயே காலை எடுங்கள், கியரிலேயே உருளட்டும். பாதி நேரம் நீங்கள் போய்ச் சேர்வதற்குள் பச்சை விழுந்திருக்கும். நின்ற வண்டியைக் கிளப்புவதைவிட 20-ல் உருளும் வண்டியை விரட்டுவது மலிவு. வேகத்தடைக்கும் இதே கணக்கு. முன்வண்டிக்கும் உங்களுக்கும் நடுவே இடம் விடுங்கள். விட்டால் அதில் ஓர் ஆட்டோ புகும். புகட்டும். பத்து ஆட்டோ புகுந்தாலும் வீடு சேர ஒரு நிமிடம்கூடத் தாமதமாகாது.

இன்னொன்று. “மைலேஜ் வேண்டுமென்றால் ஆமை வேகத்தில் கிளப்ப வேண்டும்” என்று ஒரு நம்பிக்கை உண்டு. அவ்வளவு பயந்து மிதிக்கத் தேவையில்லை. மிதமாக மிதித்து, 2,000 சுற்றை ஒட்டி அடுத்தடுத்த கியருக்குப் போய்விடுங்கள். வேகத்தைச் சேர்ப்பது குற்றமில்லை, சேர்த்ததை உடனே பிரேக்கில் கொட்டுவதுதான் குற்றம்.

கேள்வி: திருச்சிக்கு நாலு வழிச் சாலையில் எந்த வேகத்தில் போனால் லாபம்? (சைதாப்பேட்டை)

பதில்: காற்று உங்களைப் பின்னுக்குத் தள்ளும் விசை வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். 80-ல் இருப்பதைவிட 100-ல் அது ஒன்றரை மடங்குக்கும் மேல். 120-ல் இரண்டேகால் மடங்கு. உயரமான, சதுரமான சின்னக் கார் என்றால் காற்றுக்கு இன்னும் கொண்டாட்டம். நூறு கிலோமீட்டரை 80-ல் கடக்க 75 நிமிடம், 100-ல் கடக்க 60. மிச்சம் பதினைந்து நிமிடம். பரனூர் டோலில் ஊர்கிற நேரமும் மதுராந்தகத்தில் காபி குடிக்கிற நேரமும் இரண்டு பேருக்கும் ஒன்றுதான். என் சிபாரிசு 80-லிருந்து 90-க்குள், ஏற்றி இறக்காமல் ஒரே சீராக. கூரையில் கேரியர் இருந்தால், சாமான் ஏற்றாத நாளில் கழற்றி வீட்டில் வையுங்கள். அது காலியாக இருப்பது காற்றுக்குத் தெரியாது.

கேள்வி: ஊட்டியிலிருந்து இறங்கும்போது நியூட்ரலில் விட்டுவிடுவோம். அப்பா காலத்துப் பழக்கம். மிச்சம்தானே? (ஈரோடு)

பதில்: அப்பா ஓட்டியது கார்புரேட்டர் வண்டி. அம்பாசடரிலும் பழைய மாருதி 800-லும் கியரில் இறங்கினாலும் இன்ஜின் இழுக்கும் காற்றோடு கொஞ்சம் பெட்ரோலும் போய்க்கொண்டே இருக்கும். அதனால் அப்பா கணக்கில் நியாயம் இருந்தது. உங்கள் வண்டியில் இருப்பது இன்ஜெக்‌ஷன். கியரில் இருக்கும்போது ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை முழுசாக எடுத்தால் கம்ப்யூட்டர் பெட்ரோலையே நிறுத்திவிடும். இன்ஜினைச் சுற்றுவது சக்கரம், செலவு பூஜ்யம். நியூட்ரலில் தள்ளினாலோ, இன்ஜின் அணையாமல் இருக்கத் தானே குடித்தாக வேண்டும். சின்ன இன்ஜின் சும்மா ஓட மணிக்கு அரை லிட்டரிலிருந்து முக்கால் லிட்டர் வரை ஆகும். மிச்சம் பிடிக்கிறேன் என்று செலவு செய்துகொண்டு இறங்குகிறீர்கள்.

பணத்தைவிடப் பெரிய விஷயம் பிரேக். மசினகுடி பக்கம் இறங்கும் கல்லட்டி மலைப்பாதையில் 36 கொண்டை ஊசி வளைவுகள். நியூட்ரலில் வந்தால் வண்டியின் முழு எடையையும் பிரேக் ஒன்றே தாங்க வேண்டும். நாலைந்து வளைவு தாண்டியதும் கருகல் வாடை வரும். அதையும் கவனிக்காவிட்டால் பிரேக் ஆயில் கொதித்து, பெடல் மெத்தென்று தரைவரை போகும். அந்த ரோட்டில் மெக்கானிக் கிடையாது, யானை உண்டு. எந்த கியரில் ஏறுவீர்களோ அதே கியரில் இறங்குங்கள். இன்னும் சிலர் சாவியையே அணைத்துவிட்டு இறங்குகிறார்கள். இன்ஜின் நின்றால் பிரேக்குக்குக் கிடைக்கும் வேக்கம் உதவி இரண்டு மூன்று மிதியில் தீர்ந்துபோகும், ஸ்டியரிங் கல்லாகிவிடும். அவர்களுக்குச் சொல்ல என்னிடம் மைலேஜ் யோசனை இல்லை.

கேள்வி: பாதி டேங்க் மட்டும் போட்டால் எடை குறையும், மைலேஜ் கூடும் என்கிறார் என் கணவர். (தஞ்சாவூர்)

பதில்: முப்பது லிட்டர் பெட்ரோல் 22 கிலோ. பாதி டேங்க்கில் மிச்சமாவது 11 கிலோ. டிக்கியில் போன பொங்கலிலிருந்து கிடக்கிற தண்ணீர் கேன் 20 கிலோ. எதை முதலில் இறக்குவது என்று அவரையே கேளுங்கள்.

கேள்வி: ஏசியா, ஜன்னலா? (மதுரை)

பதில்: மே மாதம் மதுரையில் இந்தக் கேள்வி கேட்பவர் தைரியசாலி. ஊருக்குள் மெதுவாகப் போகும்போது ஜன்னல்தான் லாபம். பைபாஸில் வேகம் ஏற ஏற, திறந்த ஜன்னலில் காற்று புகுந்து வண்டியை இழுக்கும். அந்த லாபம் சுருங்கிப்போகும், தூசியும் இரைச்சலும் மட்டும் மிஞ்சும். அங்கே ஏசியே மேல்.

சின்னக் காரில் ஏசி ஏன் இவ்வளவு உறைக்கிறது தெரியுமா? சமதரையில் 40-ல் சீராகப் போக உங்கள் சக்கரங்களுக்குத் தேவைப்படுவது ஏறக்குறைய இரண்டே கிலோவாட். கொளுத்துகிற வெயிலில் ஏசி கம்ப்ரஸரும் கிட்டத்தட்ட அதே அளவைக் கேட்கும். ஆக, வண்டியை ஓட்ட ஒரு பங்கு, உங்களைக் குளிர்விக்க ஒரு பங்கு. பெரிய காரில் இது பெரிய சாப்பாட்டில் ஒரு கவளம்போல மறைந்துவிடும், நமக்கு மறையாது. வெயிலில் நின்ற காரில் ஏறியதும் ஏசியை நாலில் வைக்காதீர்கள். கதவுகளைத் திறந்து சூட்டை வெளியேற்றுங்கள், ஜன்னலை இறக்கியபடி ஒரு நிமிடம் ஓட்டுங்கள், பிறகு ஏசியைப் போட்டு, உள்காற்றே சுற்றும்படி பட்டனை அழுத்துங்கள். நிழல் பார்த்து நிறுத்துவதற்குச் செலவே இல்லை. காக்காய் எச்சத்துக்கு நான் பொறுப்பல்ல.

கேள்வி: பெட்ரோல் குழாயில் காந்தம் மாட்டினால் 30 சதவிகிதம் மிச்சமாம். வாங்கலாமா? (ஆம்பூர்)

பதில்: பெட்ரோல் காந்தத்துக்கு ஒட்டாது. பணம்தான் ஒட்டிக்கொள்ளும். அமெரிக்கச் சுற்றுச்சூழல் அமைப்பான இ.பி.ஏ. நூற்றுக்கும் மேற்பட்ட இப்படிப்பட்ட கருவிகளைப் பரிசோதித்திருக்கிறது. மைலேஜைச் சொல்லும்படி உயர்த்தியது என்று ஒன்றும் தேறவில்லை. உண்மையிலேயே 30 சதவிகிதம் கிடைக்குமென்றால் கார் கம்பெனிக்காரர்கள் அதை ஃபேக்டரியிலேயே மாட்டி விலையை ஏற்றியிருக்க மாட்டார்களா?

கேள்வி: வண்டி சூடாகிறது என்று மெக்கானிக் ஏதோ வால்வைக் கழற்றிப்போட்டார். சூடு போய்விட்டது. கூடவே மைலேஜும் போய்விட்டது. (சேலம்)

பதில்: இது அருமையான கேள்வி, நம் ஊரில் அடிக்கடி நடப்பது. அவர் கழற்றியது தெர்மோஸ்டாட் வால்வு. உள்ளங்கையில் அடங்கும் உருப்படி, உள்ளே மெழுகு அடைத்திருக்கும். இன்ஜின் தண்ணீர் 80 டிகிரியைத் தாண்டும்வரை அது ரேடியேட்டருக்குப் போகும் வழியை மூடி வைத்திருக்கும். சூடானதும் மெழுகு உருகி விரிந்து வழியைத் திறக்கும். அது இல்லாவிட்டால் தண்ணீர் ஆரம்பத்திலிருந்தே ரேடியேட்டரைச் சுற்றிக்கொண்டிருக்கும், இன்ஜின் சரியான சூட்டுக்கு வரவே வராது. ‘இன்னும் ஆறிக் கிடக்கிறது’ என்று சென்சார் சொல்லும். கம்ப்யூட்டர் அதை நம்பிப் பெட்ரோலைக் கூட்டி ஊற்றும்.

இதை நீங்களே கண்டுபிடிக்கலாம். இப்போது வரும் பல சின்னக் கார்களில் சூடு காட்டும் முள் கிடையாது. இன்ஜின் குளிர்ந்திருந்தால் நீல விளக்கு எரியும், சூடானதும் அணையும். சேலம் வெயிலில் சில நிமிடத்தில் அணைய வேண்டிய நீல விளக்கு ஓமலூர் தாண்டியும் எரிகிறதென்றால் சந்தேகமே வேண்டாம். முதலில் வண்டி சூடானதற்குக் காரணம் வேறாக இருந்திருக்கும்: ஓடாத ஃபேன், அடைத்த ரேடியேட்டர், ஒழுகுகிற ஹோஸ், திறக்காமல் மாட்டிக்கொண்ட பழைய வால்வு. அவரிடம் சண்டைக்குப் போகாமல், “அண்ணே, புது வால்வு ஒண்ணு போட்டுட்டு ஃபேனையும் பாத்துடுங்க” என்று சொல்லுங்கள். அப்படியே என்ன ஆயில் ஊற்றுகிறார் என்றும் எட்டிப் பாருங்கள். இன்றைய சின்ன இன்ஜின்களுக்கு 0டபிள்யூ-16, 0டபிள்யூ-20, 5டபிள்யூ-30 என்று மெல்லிய ஆயில்தான் கையேட்டில் போட்டிருக்கும். “நம்ம ஊர் வெயிலுக்குக் கெட்டியா இருக்கட்டும்” என்று 20டபிள்யூ-50 ஊற்றினால், அதைக் கலக்கிக்கொண்டே சுற்றுவதில் கொஞ்சம் மைலேஜ் போகும்.

கேள்வி: டயரில் காற்றை 40 வைத்தால் நன்றாக உருளுமே? நைட்ரஜன் நல்லதா? (நாகர்கோவில்)

பதில்: உருளும். நிற்கத்தான் யோசிக்கும். நடுப்பட்டை மட்டும் தேயும், மழைத் தரையில் பிடிமானம் குறையும். டிரைவர் கதவைத் திறந்தால் தூணில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். உங்கள் காருக்கு எவ்வளவு, ஆள் நிரம்பினால் எவ்வளவு என்று அதில் போட்டிருக்கும். பங்க்கில் காற்றடிக்கும் தம்பி எந்தக் காரைப் பார்த்தாலும் “முப்பதுங்களா சார்?” என்பார். தலையாட்டிவிடாதீர்கள். காலையில் டயர் குளிர்ந்திருக்கும்போதே பாருங்கள். ஒரு பி.எஸ்.ஐ. குறைந்தால் 0.2 சதவிகிதம் மைலேஜ் போகும் என்பது அமெரிக்க எரிசக்தித் துறையின் கணக்கு. கேட்க அற்பமாக இருக்கும். ஆறு மாதம் பார்க்காமல் விட்டால் அற்பம் கூடிவிடும். நைட்ரஜனைப் பொறுத்தவரை, சாதாரணக் காற்றிலேயே 78 சதவிகிதம் அதுதான். மிச்சத்துக்குக் காசு கொடுப்பது உங்கள் இஷ்டம்.

கேள்வி: எத்தனால் கலந்த பெட்ரோல் வந்ததிலிருந்து மைலேஜ் விழுந்துவிட்டது. என் பிரமையா? (வேலூர்)

பதில்: பிரமை இல்லை. ஒரு லிட்டர் எத்தனாலில் இருக்கும் சக்தி, பெட்ரோலில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான். 20 சதவிகிதம் கலந்தால் லிட்டருக்குக் கிடைக்கும் சக்தி ஆறேழு சதவிகிதம் குறையும். 2021-ல் வந்த நிதி ஆயோக் அறிக்கையே, இதற்கென வடிவமைக்காத பழைய நான்கு சக்கர வாகனங்களில் 6 முதல் 7 சதவிகிதம் குறையலாம் என்றது. இ20-க்கு ஏற்றபடி டியூன் செய்த இன்ஜினில் இழப்பு குறைவு. 18 கொடுத்த வண்டி 17 கொடுத்தால் எத்தனாலைச் சொல்லுங்கள். 18 கொடுத்தது 13 கொடுத்தால் எத்தனால் மேல் பழி போடாமல் ஒர்க்‌ஷாப்புக்குப் போங்கள்.

கேள்வி: அப்படியானால் விலை கூடிய ஹை-ஆக்டேன் பெட்ரோல் போடலாமா? (அதே வேலூர் வாசகர்)

பதில்: ஆக்டேன் என்பது சக்தியின் அளவல்ல. நேரத்துக்கு முன்னே வெடிக்காமல் தாக்குப்பிடிக்கும் பொறுமையின் அளவு. சின்னக் காரின் சாதாரண இன்ஜினுக்கு 91 போதும் என்று கையேடு சொன்னால், 100 போடுவதில் பங்க்காரருக்குத்தான் மைலேஜ்.

கேள்வி: தினமும் கோயிலுக்குக் காரில் ஒன்றரை கிலோமீட்டர். லிட்டருக்கு 9-தான் வருகிறது. (கும்பகோணம்)

பதில்: இன்ஜின் சூடேறுவதற்குள் கோயில் வந்துவிடுகிறது. குளிர்ந்த இன்ஜினுக்குப் பெட்ரோல் அதிகம் வேண்டும், ஆயிலும் கெட்டியாக இருக்கும். நிறுத்தி வைத்துச் சூடேற்றுவதும் வீண். ஸ்டார்ட் செய்து அரை நிமிடத்தில் மெதுவாகக் கிளம்பிவிடலாம். ஆனால் கும்பகோணத்தில் ஒன்றரை கிலோமீட்டருக்குள் எத்தனை கோயிலைத் தாண்டிப் போகிறீர்கள்! நடந்தால் வழியில் எல்லாச் சாமிக்கும் ஒரு கும்பிடு போடலாம்.

கேள்வி: சிக்னலில் அணைத்து அணைத்துப் போட்டால் ஸ்டார்ட்டிங்குக்கு அதிகப் பெட்ரோல் ஆகாதா? (வடபழனி)

பதில்: கார்புரேட்டரோடு போன பயம் அது. பத்து விநாடிக்கு மேல் நிற்பதென்றால் அணைப்பதே மிச்சம். ஆனால் பேட்டரியும் பாவம். சிக்னலில் எண் ஓடுகிறதல்லவா, முப்பதுக்கு மேல் இருந்தால் அணையுங்கள்.

கேள்வி: ஆட்டோமேட்டிக் வாங்கினால் மைலேஜ் அடி வாங்குமே? (ஓசூர்)

பதில்: சின்னக் கார்களில் வரும் ஏ.எம்.டி., அதே கியர்பாக்ஸை மெஷின் மாற்றிவிடும் ஏற்பாடு. ஆல்ட்டோ கே10-க்குக் கம்பெனி சொன்ன கணக்கில் கியர் வண்டிக்கு 24.39, ஏ.எம்.டி.க்கு 24.90. க்ளட்ச் மேல் காலை ஊன்றி ஓய்வெடுக்கும் பழக்கம் மெஷினுக்குக் கிடையாது.

கேள்வி: வீட்டில் இரண்டு கார். என் சின்னக் காரை 20-லிருந்து 24-க்குக் கொண்டுவந்துவிட்டேன். மகன் தன் பெரிய காரை 10-லிருந்து 12 ஆக்கிவிட்டுக் குதிக்கிறான். இரண்டும் மாதம் ஆயிரம் கிலோமீட்டர் ஓடுகின்றன. யார் கெட்டிக்காரர்? (புதுச்சேரி)

பதில்: மகன். உங்களுக்கு மாதம் 50 லிட்டர் ஆனது 42-ஐ ஒட்டி வந்திருக்கிறது, மிச்சம் 8 சொச்சம். அவருக்கு 100 லிட்டர் 83 ஆகியிருக்கிறது, மிச்சம் 17-ஐ ஒட்டி. லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்று கேட்கும்வரை நீங்கள் ஜெயிப்பீர்கள். மாதம் எத்தனை லிட்டர் என்று கேட்டால் அவர் ஜெயிப்பார். பங்க்கில் பில் போடுவது லிட்டர் கணக்கில்தான்.

கேள்வி: பக்கத்து வீட்டுக்காரரிடம் இருப்பதும் இதே மாடல், இதே வருஷம். அவருக்கு 26 கொடுக்கிறதாம். எனக்கு 17. (திண்டுக்கல்)

பதில்: ஒரு ஞாயிற்றுக்கிழமை இருவரும் டேங்க்கை நிரப்பிக்கொண்டு வத்தலக்குண்டு வரை போய்த் திரும்புங்கள். போகும்போதே சாவியை மாற்றிக்கொள்ளுங்கள். அவர் கார் உங்களிடம், உங்கள் கார் அவரிடம். உங்கள் கார் அவரிடம் 22 கொடுத்தால் மெக்கானிக்கைத் தேட வேண்டாம், அவர் எப்படி ஓட்டுகிறார் என்று பின்சீட்டில் உட்கார்ந்து பாருங்கள். சாவியை மாற்ற அவர் சம்மதிக்கவே இல்லையென்றால் அந்த 26-க்கும் விளக்கம் கிடைத்துவிட்டது.